விட்ட இடத்துக்கு மீளல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதை பேசும் அவையில் கணிப்பொறி பேச வந்திருக்கிறேன். நம் வட்டத்தில் பத்தாண்டுகளாகப் படிக்கப்பெற்ற கவிதைகளையும், பழைய நூல்கள் சிலவற்றை உரையோடும் இணையத்தில் படிப்பதற்கென ஒரு வாசிப்புச் செயலியை உருவாக்கும் பணியை என்னிடம் ஒப்படைத்தீர்கள். அதனை இயன்ற அளவு செய்து முடித்தேன். செய்து முடித்த பின்னரே அதிலிருந்த பெரும்பிழை எனக்குத் தெரிந்தது. அந்தப் பிழை ஒரே ஒரு பொத்தானில் இருந்தது. திரையின் மேல்மூலையில் இடப்பக்கம் பார்த்து நிற்கும் அம்புக்குறியில், அதாவது 'பின் செல்' என்னும் குறியில் இருந்தது. அதைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

நம் வட்டத்தின் மூத்த கவிஞர் ஒருவர் கண்பார்வை குன்றியவர். அச்சுப் புத்தகத்தின் எழுத்து அவருக்கு எட்டுவதில்லை. திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதால், இந்தச் செயலி வேண்டும் என்று முதலில் கேட்டவரே அவர்தாம். ஒரு நாள் மாலை அவர் வீட்டில் அவரருகே அமர்ந்து, அவர் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருக்குறளில் கல்வி அதிகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். 397ஆம் குறளுக்கு வந்தபோது, பக்கத்தில் நாங்கள் கொடுத்திருந்த ஒப்புநோக்குக் குறிப்பு ஒன்றைத் தொட்டார். அது அவரைக் கேள்வி அதிகாரத்துக்கு, 411ஆம் குறளுக்கு அழைத்துச் சென்றது. படித்தார், மகிழ்ந்தார். பிறகு விட்ட இடத்துக்கு வர எண்ணிப் பின் செல்லும் குறியைத் தொட்டார். செயலியே மறைந்துவிட்டது. காலையில் அவர் பார்த்த செய்தித்தாளின் பக்கம் திரையில் வந்து நின்றது.

மீண்டும் செயலியைத் திறந்து, நூலைத் தேடி, அதிகாரத்தைத் தேடி, 397ஆம் குறளுக்கு வந்து சேர்ந்தார். சற்று நேரத்தில் மீண்டும் அதுவே நிகழ்ந்தது. மூன்றாம் முறை கருவியை மேசைமேல் வைத்துவிட்டார். "தம்பி, வீட்டுக்குள்ளேயே அடுத்த அறைக்குப் போகலாமென்று கதவைத் திறந்தால் தெருவில் போய் நிற்கிறேனே" என்றார். அவர் சினந்து பேசவில்லை. சினந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதன்பின் சில வாரங்கள் அவர் எதையுமே படிக்கவில்லை என்று அவர் வீட்டார் சொல்லக் கேட்டேன். அச்சு எழுத்து தெரியவில்லை, திரை நிலைக்கவில்லை. ஒரு கவிஞரின் வாசிப்பு என் கவனக்குறைவால் நின்றுபோயிற்று.

அன்றிலிருந்துதான் திரும்புதல் என்றால் என்ன என்று எண்ணத் தொடங்கினேன்.

புத்தகத்தில் நாம் எப்படித் திரும்புகிறோம்? பின்னிணைப்பில் ஒரு சொல்லுக்குப் பொருள் காண வேண்டுமானால், படிக்கும் பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு மறுகையால் புரட்டுகிறோம். பார்த்து முடிந்ததும் விரல் நம்மைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கிறது. அதற்குப் பயிற்சி வேண்டியதில்லை. ஓலைச்சுவடியில் துளையும் கயிறும் அந்த வேலையைச் செய்தன. ஓலையின் ஓரத்தில் எழுதிய எண் வரிசையைக் காத்தது. கயிறு அவிழ்ந்து எண்ணும் சிதைந்த சுவடி எவ்வளவு துன்பம் தரும் என்பதைப் பதிப்பாசிரியர்கள் அறிவார்கள். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். அரும்பத அகராதி முதலியவற்றைச் சேர்த்துப் பதிப்பிப்பது அவர் கொண்ட முறை. வாசகன் நூலுக்குள் அலைந்து திரியவும் வேண்டும், அலைந்தவன் வழி தவறாமல் மீளவும் வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பதிப்புமுறைக்குள் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

கணிப்பொறி உலகிலும் இந்த எண்ணம் புதியதன்று. அமெரிக்க அறிவியலாளர் வன்னெவர் புஷ் 1945ஆம் ஆண்டு ஜூலையில் அட்லாண்டிக் மந்த்லி இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் மெமெக்ஸ் என்னும் கற்பனைக் கருவி ஒன்றை விவரித்தார். ஒரு நூலிலிருந்து மற்றொன்றுக்கு வாசகன் செல்லும் தடங்களை அது சேமித்து வைக்கும்; பல ஆண்டுகள் கழித்தும் அதே தடத்தில் அவன் நடக்கலாம்; நண்பனுக்கும் அத்தடத்தைக் கொடுக்கலாம். 1965இல் டெட் நெல்சன் மீயுரை என்னும் கருத்துக்குப் பெயரிட்டார். 1990இல் ஜெனீவா நகரையடுத்த செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ முதல் இணைய உலாவியை எழுதினார். இணைப்பைத் தொட்டால் வேறோர் இடம் என்ற நிலை வந்ததும், புறப்பட்ட இடத்துக்கு எப்படி மீள்வது என்ற கேள்வியும் உடன் வந்தது.

அந்தக் கேள்வி எவ்வளவு பெரிது என்பதை ஓர் ஆய்வு காட்டியது. ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த கேட்லெட்ஜ், பிட்கோ ஆகிய இருவர் 107 பேருடைய உலாவிப் பயன்பாட்டை மூன்று வாரங்கள் பதிவு செய்து, முடிவுகளை 1995இல் வெளியிட்டனர். பக்கத்திலிருந்து பக்கத்துக்கு நகர்ந்த செயல்களில் இணைப்பைத் தொட்டவை 52 விழுக்காடு. பின் செல்லும் பொத்தானை அழுத்தியவை 41 விழுக்காடு. முன்னே செல்வதற்கு ஏறத்தாழ ஈடாக மனிதர்கள் பின்னே வந்திருக்கிறார்கள். 1997இல் டாஷர், கிரீன்பர்க் என்னும் ஆய்வாளர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், பார்க்கப்பட்ட பக்கங்களில் 58 விழுக்காடு முன்பே பார்த்தவை என்று தெரிந்தது. இணையத்தில் படிப்பதும் பெரும்பாலும் மறுபடி படிப்பதே. கவிதை படிப்பவர்களுக்கு இது வியப்பளிக்காது.

இனி என் பிழைக்கு வருகிறேன். உலாவி, நாம் சென்ற பக்கங்களின் முகவரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு பட்டியலில் எழுதி வைக்கிறது. பின் செல்லும் குறியைத் தொட்டால் பட்டியலில் முந்திய வரிக்குப் போகிறது. நான் எழுதிய செயலியோ, ஒரே ஒரு பக்கத்தை உலாவியில் ஏற்றிவிட்டு, அதற்குள்ளேயே அதிகாரங்களை மாற்றி மாற்றிக் காட்டியது. விரைவாக இயங்கும் என்பதால் அப்படிச் செய்தேன். வாசகருக்கு அவர் பல இடங்களுக்குச் சென்று வந்ததாகத் தோன்றும். உலாவிக்கோ அவர் ஓரிடத்திலிருந்தும் அசையவேயில்லை. அதன் பட்டியலில் ஒரே வரிதான். ஆகவே பின் செல்லச் சொன்னதும் அதற்கு முந்திய வரியாகிய செய்தித்தாளுக்குப் போய்விட்டது. இதற்கு மாற்றில்லாமலும் இல்லை. 2014இல் தகுதரமாக ஏற்கப்பட்ட ஹெச்டிஎம்எல் 5, பட்டியலில் புதிய வரி சேர்க்கவும், இருக்கும் வரியையே திருத்தி எழுதவும் வழி தருகிறது. வழி இருந்தது, நான்தான் பயன்படுத்தவில்லை.

பயன்படுத்த முற்பட்டபோது ஒரு கேள்வி எழுந்தது. வாசகர் செய்யும் எந்தச் செயலைப் புதிய வரியாக எழுதுவது? எதை எழுதாமல் விடுவது? எல்லாவற்றையும் எழுதினால், நாற்பது குறளை வரிசையாகப் படித்தவர் வெளியேற நாற்பது முறை தொட வேண்டும். எதையும் எழுதாவிட்டால் முன்போல் தெருவுக்கு வந்து நிற்பார். இக்கேள்விக்குக் கணிப்பொறி நூல்களைவிட நன்னூல் எனக்கு நன்கு விடை தந்தது.

நன்னூற் பாயிரத்தில் பவணந்தி முனிவர் சூத்திரங்கள் நிற்கும் நிலையை நான்காகச் சொல்வது நீங்கள் அறிந்ததே. ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என்பன அவை. அவர் சொன்னது சூத்திரங்களைப் பற்றி. நான் அதனை வாசகரின் நடைக்குப் பொருத்திப் பார்த்தேன்.

ஒரு குறளுக்குப்பின் அடுத்த குறள் என்று படித்துச் செல்வது ஆற்றொழுக்கு. ஆற்றில் ஒவ்வோர் அலையையும் எண்ணுவதில்லை. ஆகவே அடுத்த குறளுக்குச் செல்லும்போது புதிய வரி சேர்ப்பதில்லை. இருக்கும் வரியையே திருத்தி, வாசகர் இப்போது நிற்கும் குறளைக் குறித்துக்கொள்கிறோம்.

ஒப்புநோக்கு இணைப்பைத் தொட்டு இடையிலுள்ளவற்றைத் தாண்டி வேறிடம் செல்வது தவளைப் பாய்த்து. பாய்ந்த தவளைக்குப் புறப்பட்ட இடம் வேண்டும். இங்கே புதிய வரி சேர்க்கிறோம்.

ஒரு சொல்லைத் தொட்டு அதன் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மேலெழுவது பருந்தின் வீழ்வு. பருந்து இரையை எடுத்ததும் தான் பறந்த உயரத்துக்கே போகிறது. ஆகவே சொற்பொருள் தனிப்பக்கமாக வராமல் பாட்டின் கீழே ஒரு சிறு கட்டமாக விரிகிறது. பின் செல்லும் குறியைத் தொட்டால் அக்கட்டம் மட்டும் மூடும், பாட்டு அசையாது. மூடிய கட்டத்துக்கு மறுபடி போய் விழுவதும் இல்லை.

முன்னும் பின்னும் நோக்குவது அரிமா நோக்கு. பின் செல்லும் குறி இந்த நோக்கைத் தர வேண்டும். நடந்து செல்லும் சிங்கம் திரும்பிப் பார்க்கும்போது, பின்னால் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரிகிறது. நம் அம்புக்குறியோ பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்வதேயில்லை. ஆகவே பாய்ந்து சென்ற இடத்தில் வெறும் அம்பைக் காட்டாமல், 'குறள் 397க்குத் திரும்புக' என்று எழுத்தாலேயே காட்டுகிறோம். தொடுவதற்கு முன்னரே எங்கே போய்ச் சேர்வோம் என்பது வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. அச்சம் நீங்கிவிடுகிறது.

இத்துடன் இன்னொரு வேறுபாட்டையும் தெளிவாக்க வேண்டியிருந்தது. பின்னே செல்வது வேறு. மேலே செல்வது வேறு. 411ஆம் குறளிலிருந்து பின்னே சென்றால் 397. மேலே சென்றால் கேள்வி அதிகாரம். ஒன்று வாசகர் நடந்த வழி. மற்றொன்று நூலின் அமைப்பு. இரண்டுக்கும் ஒரே அம்பை வைத்ததும் என் பிழையே. இப்போது மேலே செல்வதற்கு நூலின் பெயரும் அதிகாரத்தின் பெயரும் பக்கத்தின் தலையில் நிற்கின்றன. நண்பர் ஒருவர் அனுப்பிய முகவரியைத் தொட்டு நேராக ஒரு கவிதைக்கு வருபவருக்குப் பின்னால் வழியே இல்லை. அவர் பின்னே சென்றால் நண்பரின் கடிதத்துக்குத்தான் போவார். அதுவே முறை. அவரைப் பிடித்து நிறுத்தி நம் முகப்புக்குத் தள்ளுவது வந்த விருந்தினரைக் கதவடைத்து நிறுத்துவது போன்றது. மேலே செல்லும் பெயரைத் தொட்டால் தொகுப்பு முழுவதும் அவருக்குக் கிடைக்கும்; விருப்பமிருந்தால் தொடுவார்.

இவ்வளவும் செய்து மூத்த கவிஞரிடம் எடுத்துச் சென்றேன். பின்னே சென்றபோது செயலி அவரைக் கல்வி அதிகாரத்துக்கே கொண்டுவந்தது. ஆனால் 397க்கு வரவில்லை. இரண்டு குறள் தள்ளி நின்றது. காரணத்தை ஆராய்ந்தபோது, வாசகர் நின்ற இடத்தைத் திரையின் உயரக் கணக்கில் குறித்து வைத்திருந்தேன் என்பது தெரிந்தது. அவர் இடையில் எழுத்தைப் பெரிதாக்கியிருந்தார். எழுத்துப் பெரிதானதும் வரிகள் கீழிறங்கின. குறித்த உயரத்தில் வேறொரு குறள் வந்து நின்றது. கண் நலமாக உள்ளவருக்கு இப்பிழை தோன்றியே இராது. யாருக்காகச் செயலி செய்யப்பட்டதோ அவருக்கு மட்டுமே தோன்றியது.

ஆகவே உயரத்தை விட்டுக் குறளையே குறித்துக்கொண்டோம். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பாட்டின் எண் நிலைக்கும் என்பது நம் முன்னோர் முறைதானே. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. இன்று வழங்கும் குறள் எண் பரிமேலழகர் வைப்பைத் தழுவியது. மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை பல இடங்களில் வேறுபடும். மணக்குடவர் உரையோடு படிப்பவர் திரும்பி வரும்போது, அதிகாரத்தில் 'ஏழாவது பாட்டு' என்று கணக்கிட்டால் தவறிவிடும். பாட்டு எங்கே நின்றாலும் அந்தப் பாட்டையே கண்டு சேர வேண்டும். செயலியை மூடி மறுநாள் திறந்தாலும், அலைபேசி தானாக அதை நிறுத்திவிட்டாலும், நின்ற பாட்டு நினைவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கவிதைக்கும் தனி முகவரி கொடுத்ததும் இதனால்தான்.

இழப்பு ஒன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். புத்தகத்தின் தாளைப் புரட்டுவது போல விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பக்கம் மாற்றும் வசதி முதலில் இருந்தது. கவிஞர்கள் பலர் அதை விரும்பினீர்கள். ஆனால் ஐபோனில் திரையின் இடவிளிம்பிலிருந்து விரலைத் தள்ளினால் உலாவி பின்னே செல்லும். ஆண்ட்ராய்டு அலைபேசிகளில் 2019இல் வந்த பத்தாம் பதிப்பு முதல், விளிம்பிலிருந்து தள்ளினால் பின்னே செல்லும் முறை உண்டு. பக்கம் புரட்ட எண்ணியவர் பின்னே போனார். பின்னே போக எண்ணியவர் பக்கம் புரட்டினார். ஒரே அசைவுக்கு இரு பொருள் கவிதையில் சிலேடை, கருவியில் குழப்பம். ஆகவே பக்கம் புரட்டுவதைக் கைவிட்டு, மேலும் கீழும் நகர்த்திப் படிக்கும் முறைக்கு மாறினோம். ஓரழகு போயிற்று என்று வருந்துபவர்களின் வருத்தத்தில் எனக்கும் பங்குண்டு. எனினும் அழகா, மீளும் உறுதியா என்ற நிலை வந்தபோது உறுதியைத் தேர்ந்தேன்.

நம் வட்டத்து இளங்கவிஞர் ஒருவர் என்னிடம் ஒரு தடை எழுப்பினார். "படித்த கவிதைக்கு யாராலும் திரும்ப முடியாது. திரும்பும்போது நாம் வேறு ஆளாகிவிடுகிறோம். 411ஐப் படித்தபின் 397 பழைய 397 அன்று. அப்படியிருக்க, விட்ட இடம் என்று ஒன்று எங்கே இருக்கிறது?" என்றார். நல்ல தடை. பல நாள் அதை எண்ணிப் பார்த்தேன். என் விடை இது. வாசகன் மாறுவது உண்மை. மாறியிருக்கிறோம் என்பதை அவன் உணர வேண்டுமானால் பாட்டு மாறாமல் அதே இடத்தில் நிற்க வேண்டும். ஆண்டுகள் கழித்துப் பிறந்த ஊருக்குப் போகிறவன், பழைய வேப்பமரம் நின்ற இடத்திலேயே நிற்பதைக் கண்டுதான் தன் மாற்றத்தை அளக்கிறான். மரமும் இடம் மாறியிருந்தால் அவனுக்கு மிஞ்சுவது திகைப்பு மட்டுமே. வாசகனை மாற்றுவது கவிதையின் வேலை. நின்ற இடத்தைக் காப்பது கருவியின் வேலை. கருவி தன் வேலையைச் செய்யாவிட்டால், கவிதை தன் வேலையைச் செய்ய வாய்ப்பே இல்லாமல் போகிறது.

இன்னும் முடியாத வேலை ஒன்று உண்டு. பின்னே வந்த வாசகர் அங்கிருந்து வேறோர் இணைப்பைத் தொட்டால், முன்பு சென்ற வழியை உலாவி தன் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது. 397இலிருந்து 411க்குச் சென்று மீண்டு, பிறகு வேறொன்றுக்குச் சென்றவர், பின் செல்லும் குறியால் 411ஐ அடைய முடியாது. புஷ் 1945இல் கனவு கண்ட நிலைத்த தடம் இதுவன்று. அன்றைய வாசிப்பில் சென்ற பாட்டுகள் அனைத்தையும் வரிசையாகக் காட்டும் 'சென்ற தடம்' என்னும் பட்டியல் ஒன்றை இனித்தான் சேர்க்க வேண்டும். ஒருவர் நடந்த தடத்தை மற்றவருக்கு அனுப்பவும் இயலுமானால், நம் கூட்டங்களில் ஒரு பாட்டிலிருந்து மற்றொரு பாட்டுக்குச் சென்று நாம் பேசும் பேச்சும் அழியாமல் நிற்கும்.

இதற்கு உங்கள் உதவி வேண்டும். நிரல் எழுதும் உதவியைக் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் வயது முதிர்ந்தவர் ஒருவர் இருப்பார். அல்லது திரையில் படித்துப் பழகாதவர் ஒருவர் இருப்பார். அவரருகே அரைமணி நேரம் அமருங்கள். வழி சொல்லாதீர்கள், அவர் எந்த இடத்தில் திகைத்து விரலை எடுக்கிறார் என்பதை மட்டும் பார்த்து எழுதி அனுப்புங்கள். நான் மாதக்கணக்கில் நிரலைப் பார்த்துக் காணாத பிழையை அந்த மாலைப்பொழுதில் அவர் விரல் காட்டியது.

மூத்த கவிஞர் இப்போது மீண்டும் படிக்கிறார் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். போன வாரம் பார்த்தபோது அந்தப் பொத்தானைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எந்தக் குறளுக்கு எந்த உரை பொருந்தவில்லை என்பதைப் பற்றியே ஒரு மணி நேரம் என்னோடு வாதிட்டார். பொத்தானை அவர் மறந்துவிட்டார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டியதில்லை.